குழிந்த கண்ணாடி

எல் ரெகோதோ வளைவுக்கு வந்தால் எந்த ஓட்டுநரும் ஒருமுறை நீளமாக ஹாரன் அடிப்பார். ஒரு பக்கம் செம்மண் மலைச்சுவர், மறுபக்கம் ஆற்றுப் பள்ளம், நடுவில் இரண்டு வண்டி முழுசாகப் போக முடியாத சாலை. எதிரே என்ன வருகிறது என்பது முட்டிக்கொள்ளும் தூரத்தில்தான் தெரியும். வளைவுக்கு எதிரே இருக்கிற டயர் பஞ்சர் கடை என்னுடையது. முட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பவனும் பெரும்பாலும் நான்தான்.

செர்வியோ துல்கான் என் மகனுக்கு ஞானத்தந்தை. அந்த முறையில் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வோம். மேட்டு வீடுகளில் பால் வாங்கி, கேன்களை லாரியில் ஏற்றிக் கீழே குளிர்பதன நிலையத்துக்குக் கொண்டுபோவது அவர் தொழில். ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். நல்ல மனிதர், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். ஞானஸ்நானச் சான்றிதழில் தன் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்ததைத் திருத்த அவர் அலைந்த அலைச்சலில் கோயிலில் இரண்டு பாதிரியார்கள் மாறிப்போனார்கள். திருத்திக்கொண்டுதான் ஓய்ந்தார்.

வளைவுக்கு ஒரு கண்ணாடி வேண்டும் என்று நகராட்சியில் மனுக் கொடுத்தது அவர்தான். பாஸ்தோ நகரத்தில் பெட்ரோல் பங்க் வாசலில் இருக்குமே, வெளியே வயிறு தள்ளிய வட்டக் கண்ணாடி, அது. மனுவிலும் அப்படியே எழுதியிருந்தார்: "தொப்பை தள்ளிய கண்ணாடி ஒன்று." நகராட்சியின் திட்டப் பிரிவில் இருந்தவர்கள் அதைப் படித்துச் சிரித்தார்களாம். அரசாங்கக் காகிதத்தில் தொப்பை என்று எழுத முடியுமா? யாரோ ஒருவர் அதை அடித்துவிட்டு, படித்தவர்கள் சொல்கிற சொல்லைப் போட்டார்: கோன்கவோ.

எங்கள் பேச்சில் வெளியே உப்பியதற்குக் கோன்வெக்சோ என்று பெயர், உள்ளே குழிந்ததற்குக் கோன்கவோ. இரண்டும் ஒரே மாதிரி தொடங்குவதால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மாற்றி மாற்றி எழுதி அடி வாங்கிய சொற்கள். திட்டப் பிரிவில் இருந்தவர் அடி வாங்காமல் தப்பித்தவர் போலிருக்கிறது.

கண்ணாடி வந்தது. திறப்பு விழாவை மேயர் அர்னுல்ஃபோ கெர்ரேரோ தடபுடலாக வைத்தார். பேண்டு வாத்தியம், கம்பியில் கோத்துச் சுட்ட கூய் என்கிற கினிப் பன்றிக் கறி, பழச்சாறும் சாராயமும் கலந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றிய டம்ளர்கள். கண்ணாடிக் கம்பத்துக்கும் யூகலிப்டஸ் மரத்துக்கும் நடுவே மேயரின் முகம் அச்சடித்த துணி பேனர். பேச்சு முடிந்து, கண்ணாடியை மூடியிருந்த கொடியை மேயர் இழுத்தார்.

நாங்கள் எல்லோரும் தலைகீழாகத் தெரிந்தோம்.

தாரை ஊதிக்கொண்டிருந்தவன் ஊதுவதை நிறுத்திவிட்டான். பள்ளிப் பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள், கண்ணாடிக்குள் அவர்கள் வானத்திலிருந்து தொங்கிக்கொண்டு குதித்தார்கள். செர்வியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேயரிடம் போனார்.

"மேயர் ஐயா, இது குழிஞ்சு இருக்கு."

"என்னது?"

"கண்ணாடி. உப்பியிருக்கணும். இது சூப்புக் கிண்ணம் மாதிரி உள்ள போயிருக்கு. பாருங்க, நீங்களே தலைகீழா நிக்கிறீங்க."

மேயர் பார்த்தார். அவருக்கும் முகம் மாறியது. ஆனால் சுற்றிலும் ஊரே நின்றுகொண்டிருந்தது, உள்ளூர் வானொலிக்காரர் வேறு மைக்கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"புது டெக்னாலஜி, தோன் செர்வியோ. கொஞ்ச நாள்ல கண்ணு பழகிடும்" என்றார், மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் ஒரு தோன் போட்டு.

"கண்ணு பழகும். லாரி பழகாதே."

கூட்டம் சிரித்தது. மேயர் சிரிக்கவில்லை. கூய்க் கறி ஆறிப்போகுது என்று சொல்லிவிட்டு மேசைப் பக்கம் நகர்ந்தார்.

தலைகீழாகத் தெரிந்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இடமும் வலமும்கூட மாறியிருந்தன. கீழேயிருந்து ஏறி வரும் லாரி, கண்ணாடியில் சக்கரத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, அது வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வந்தது. முதல் வாரத்திலேயே பழைய ஓட்டுநர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டப் பழகிவிட்டார்கள். அதையும் மீறி அது கண்ணை இழுத்தது. மினுக்குகிற ஒன்றைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

வெயில் நன்றாக அடித்த ஒரு காலையில் கருகல் வாடை வந்தது. என் கடையில் ரப்பர்தான் பற்றிக்கொண்டதோ என்று பதறி எழுந்தேன். ரப்பர் இல்லை, பேனர். காற்றில் தளர்ந்து கண்ணாடிக்கு முன்னால் தொங்கியிருந்தது. குழிந்த கண்ணாடி வெயிலை எல்லாம் ஒரே புள்ளிக்குச் சேர்த்து, மேயரின் மூக்கில் காசளவு ஓட்டை போட்டிருந்தது. வாளித் தண்ணீரை வீசினேன். செர்வியோ அந்த ஓட்டைத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே நகராட்சிக்குப் போனார். இதைவிடச் சாட்சி வேண்டுமா என்பது அவர் எண்ணம்.

நகராட்சியின் வக்கீல் ஹிமேனா நார்வாயெஸ். எங்கள் பக்கம் வக்கீலையும் டாக்டர் என்றுதான் அழைப்போம். இளம் பெண், மரியாதையாகப் பேசுவார், செர்வியோவுக்கு ஒவ்வொரு தடவையும் காப்பி கொடுப்பார். அதுதான் கொம்பாத்ரேவுக்கு இன்னும் எரிச்சல். திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருக்கலாம்.

"தோன் செர்வியோ, ஒப்பந்தத்துல கோன்கவோன்னு இருக்கு. கோன்கவோதான் வந்திருக்கு. வராத சாமானுக்கு நான் வழக்குப் போடலாம். வந்த சாமானுக்கு எப்படிப் போடுறது?"

"தப்பா வந்திருக்கே டாக்டர்!"

"தப்பாக் கேட்டதைச் சரியாக் கொண்டுவந்திருக்காங்க."

"அப்போ தப்பாக் கேட்டது யாரு?"

டாக்டர் ஹிமேனா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதை மட்டும் எழுதிக் கேட்டுடாதீங்க. கேட்டா நான் பதில் எழுதணும். பதில் எழுதினா ஒருத்தருக்கு வேலை போகும். வேலை போறவரு மேயரோட மச்சினன்."

பாஸ்தோவில் கண்ணாடி விற்ற கடைக்கும் செர்வியோ போனார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "நானே ஃபோன் பண்ணிக் கேட்டேன் ஐயா, நிஜமாவே உள்ள குழிஞ்சதுதான் வேணுமான்னு. எழுதினபடி அனுப்புங்கன்னு சொல்லிட்டாங்க. இந்த மாதிரி யாருமே கேட்டதில்ல. நான் தனியா ஆள் வெச்சு மாட்டிக் கொடுத்தேன்."

செர்வியோவின் மனைவி ஃப்ளோரால்பா இந்த அலைச்சலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார். ஒரு நாள் என் கடைக்கே வந்து, டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்த செர்வியோவிடம் சொன்னார்:

"ஏறிப் போய் ஒரு சாக்கைப் போட்டு மூடிட்டு வாங்க. கண்ணாடியே இல்லாம நாம இத்தன வருஷம் இருக்கலியா?"

"மூடினா அவங்க மறந்துடுவாங்க."

"மறக்கட்டுமே."

"தப்பா எழுதினவன் திருத்தி எழுதணும், ஃப்ளோரால்பா. நாம ஏன் மூடணும்?"

"ஒரு வார்த்தைக்கா இவ்வளவு? அந்த வார்த்தைய வெச்சு நீங்க சோறு திங்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க கொம்பாத்ரே."

நான் குனிந்து டியூபில் ஒட்டுப் போட ஆரம்பித்தேன். செர்வியோவிடம் சொல்லி என்ன பயன்? அவர் காற்றடிக்கும் பம்பை வேகமாக அழுத்தினார், டயர் கல்லாக இறுகியது.

கடைசியில் டாக்டர் ஹிமேனாவே ஒரு வழி சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது என்று படித்தவர் ஒருவர் நகராட்சி மன்றத்தின் முன் வந்து சொன்னால், சொல் பிழையாக விழுந்துவிட்டது என்று ஒரு திருத்தம் போடலாம். யார் மேலும் பழி வராது. மொழியின் மேல் போட்டுவிடலாம்.

அப்படிப்பட்டவர் எங்கள் ஊரிலேயே இருந்தார். தோன் லெயோவிஹில்தோ பெனாவிதெஸ். பாஸ்தோவில் குருமடப் பள்ளியில் வாழ்நாளெல்லாம் லத்தீன் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுக்கு இங்கே வந்தவர். கழுத்தில் எப்போதும் சால்வை, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு சொல்லின் பூர்வீகம். உருளைக்கிழங்கு வாங்கப் போனால் உருளைக்கிழங்கு என்ற சொல் எந்த நாட்டு வழியாக வந்தது என்று சொல்லி முடிக்கும்வரை கடைக்காரர் எடை போட முடியாது.

செர்வியோ அன்றைக்குப் பால் வண்டியைக் கழுவித் துடைத்து, அவரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். நானும் பின்னால் கேன்களோடு நின்றுகொண்டு போனேன். மன்றத்தில் மேயர், டாக்டர் ஹிமேனா, உறுப்பினர்கள் கொஞ்சம் பேர். மேயரின் மச்சினன் வரவில்லை, பல்வலியாம்.

தோன் லெயோ எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பாவம், எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு வகுப்பு!

"கோன்கவோ. இதோட வயித்துக்குள்ள இருக்குற வார்த்தை காவுஸ். லத்தீன். காவுஸ்னா உள்ளீடு இல்லாதது, பொந்து, குழி. முன்னால சேர்ந்த கோன், முழுக்க முழுக்கன்னு அழுத்திச் சொல்லுது. ஆக, முழுசாக் குழிஞ்சது. நாம குகைக்கு க்வேவான்னு சொல்றோமே, அதுவும் இதே காவுஸோட பிள்ளைதான். மண்ணைத் தோண்டுறதுக்கு எஸ்கவார்னு சொல்றோம், அதுவும் அதே. கோழிய அடைக்கிற கூண்டு ஹாவுலா இருக்கே, நம்ப மாட்டீங்க, அதுகூட இதே வீட்டுப் பொண்ணு. பிரான்ஸ் பக்கம் வாக்கப்பட்டுப் போய் முகம் மாறித் திரும்பி வந்தவ."

உறுப்பினர்கள் சிரித்தார்கள். செர்வியோ நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"குகை! கேட்டீங்களா டாக்டர்? குகை! வளைவுல போய் யாராவது குகைய மாட்டுவாங்களா?"

"உக்காருங்க தோன் செர்வியோ" என்றார் டாக்டர் ஹிமேனா. அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவரும் இது முடியட்டும் என்றுதான் நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. "ரொம்ப நன்றி ஆசிரியரே. அப்போ இன்னொரு வார்த்தை, கோன்வெக்சோ, அது இதுக்கு நேர் எதிர். அப்படித்தானே? அப்படின்னே எழுதிக்கவா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அது போதும். செர்வியோவின் உதடுகூட முன்கூட்டியே ஆமாம் என்று அசைந்தது.

தோன் லெயோ விரலைத் தூக்கினார்.

"இன்னைக்கு நாம அப்படித்தான் புழங்குறோம். ஆனா பூர்வீகம்னு கேட்டா, நேர்மையாச் சொல்லணும், அவ்வளவு சுலபமில்ல. கோன்வெக்சுஸ்னா லத்தீன்காரங்களுக்கு வளைஞ்சு கூடினது, கவிஞ்சது. வானத்தோட கவிகையத்தான் அவங்க அந்த வார்த்தையால சொன்னாங்க. இப்போ யோசிங்க, வானத்தை நாம எங்கேருந்து பாக்குறோம்? கீழேருந்து. அதாவது உள்பக்கத்துலேருந்து. உள்பக்கத்துலேருந்து பாத்தா அது குழிவு! ஆக, பழங்காலத்துல கோன்வெக்சோன்னு சொன்னதை நாம இன்னைக்குக் கோன்கவோன்னும் சொல்லலாம். ரெண்டும் பகையாளி இல்ல. அண்ணன் தம்பி மாதிரி."

மேயர் அதுவரை கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

"அப்படின்னா ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றீங்க?"

"ஒரு அர்த்தத்துல..."

"கேட்டுக்கிட்டீங்களா டாக்டர்? படிச்சவரே சொல்லிட்டாரு. ரெண்டும் ஒண்ணு. அப்புறம் எதைத் திருத்துறது?"

செர்வியோ எழுந்து நின்றார். கையை முதலில் குழித்துக் காட்டினார், பிறகு புறங்கையைக் காட்டினார், மறுபடி குழித்துக் காட்டினார். "இது இது! அது அது!" என்று கத்தினார். தோன் லெயோ இன்னும் வானத்தில் இருந்தார், ஒரு பழைய உச்சரிப்பைப் பற்றி மன்ற உறுப்பினர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் ஹிமேனா பேனாவை மூடினார். பாவம், அவருக்கும் முகம் சுருங்கித்தான் போயிருந்தது.

திரும்பும்போது செர்வியோ வண்டியை ஓட்டிய விதத்தில் காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதி ஊருக்கே சேதி சொல்லின.

அதற்கு அடுத்த வாரம் ஓமேரோ இனாகான் விழுந்தான்.

ஓமேரோ ஃப்ளோரால்பாவின் தம்பி. மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வண்டி போகாத மேட்டு வீடுகளிலிருந்து பால் கொண்டுவருவான். கொஞ்ச நாள் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். கண்ணாடி வந்தது தெரியும், அது எப்படிப்பட்ட கண்ணாடி என்பது அவனுக்குப் பழகவில்லை. வளைவுக்கு மேலே வந்தவன் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடிக்குள் ஜல்லி லாரி ஒன்று பள்ளத்துப் பக்கமாக ஏறி வந்தது. மலைப்பக்கம் காலியாக இருக்கிறது என்று நினைத்து மலைப்பக்கம் ஒடித்தான். லாரி மலைப்பக்கத்தில்தான் வந்தது.

லாரிக்காரர் பிரேக்கில் ஏறி நின்றதால் உயிர் தப்பியது. தொடை எலும்பு முறிந்து, கால் பார்க்கக் கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. பால் சாலை முழுக்க ஓடிப் பள்ளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஓமேரோவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னான்:

"அந்தப் பக்கம் இருந்துச்சு. சத்தியமா அந்தப் பக்கந்தான் இருந்துச்சு."

செர்வியோவும் ஃப்ளோரால்பாவும் வந்தபோது ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. ஃப்ளோரால்பா தம்பியின் நெற்றியைத் துடைத்தார். செர்வியோவை அவர் திட்டவில்லை. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார். "ஒரு சாக்கு" என்றார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டார்.

செர்வியோ பால் ஓடிய சாலையில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். மேயரை, மச்சினனை, தோன் லெயோவை, யாரையாவது. திட்டவே இல்லை. என் கடைக்குள் வந்து, கேட்காமலே ஏணியையும் ஸ்பானர் பெட்டியையும் எடுத்தார்.

"கொம்பாத்ரே, அது அரசாங்கச் சொத்து" என்றேன்.

"ஏணியப் பிடிங்க."

பிடித்தேன். கண்ணாடி ஒரு இரும்பு வளையத்துக்குள் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றினார். கண்ணாடி என்றா சொன்னேன், அது கண்ணாடியே இல்லை, பளபளப்பாக்கிய ஸ்டீல் தகடு. இருவருமாகக் கீழே இறக்கிக் கவிழ்த்து வைத்தோம். முதுகில் நீல நிறப் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது, புது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்குமே, அது மாதிரி. ஓரத்தில் கிளம்பியிருந்ததை செர்வியோ நகத்தால் பிடித்து இழுத்தார். சர்ரென்று உரிந்து வந்தது.

அடியில் கண்ணாடி. வெளியே உப்பிய, தொப்பை தள்ளிய, சுத்தமான கண்ணாடி. அதில் எங்கள் இருவர் முகமும் நேராக, மூக்குப் பெரிதாகத் தெரிந்தன.

கடைக்காரர் எல்லோருக்கும் விற்கிற அதே சாமானைத்தான் அனுப்பியிருக்கிறார். ஒப்பந்தத்தில் கோன்கவோ என்று இருந்ததால் பின்பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றி, முன்பக்கத்துத் தாளை உரிக்காமலே, திருப்பி மாட்டிவிட்டிருக்கிறார். இத்தனை மாதமும் நாங்கள் கேட்ட கண்ணாடி மலைச்சுவரைப் பார்த்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே தொங்கியிருக்கிறது.

செர்வியோ அந்த நீலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததை நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. ஆனால் எழுந்திருக்க நேரமானது. பிறகு இருவருமாகத் திருப்பி மாட்டினோம்.

சேதி நகராட்சிக்கு எட்டி, சாயந்திரத்துக்குள் மேயரின் ஜீப் வந்தது. கூடவே டாக்டர் ஹிமேனாவும் ஒரு போலீஸ்காரரும். ஊர் கூடிவிட்டது.

"பொதுச் சொத்துல கை வெச்சிருக்கீங்க தோன் செர்வியோ" என்றார் மேயர். "ஒப்பந்தப்படி வெச்ச பொருளை மாத்தியிருக்கீங்க. நாளைக்குத் தணிக்கைக்காரன் வந்து கோன்கவோ எங்கேன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"என் மச்சினன் கால் எங்கேன்னு கேட்டா என்ன சொல்வீங்களோ, அதைச் சொல்லுங்க."

போலீஸ்காரர் தரையைப் பார்த்தார், அவரும் அந்தச் சாலையில்தான் தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவர். டாக்டர் ஹிமேனா கம்பத்தை ஒரு சுற்று சுற்றினார். முன்னாலிருந்து பார்த்தார். பின்னால் மலைச்சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவே உடம்பை நுழைத்துப் பார்த்தார். செருப்பெல்லாம் சேறு. வெளியே வந்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மேயர், இது இன்னும் கோன்கவோதான்."

"எப்படி?"

"பின்னாடி போய்ப் பாருங்க. அங்க குழிஞ்சுதான் இருக்கு. ஒரு தகடு இந்தப் பக்கம் உப்பினா அந்தப் பக்கம் குழிஞ்சுதானே ஆகணும்? குழிஞ்ச பக்கம் சாலையப் பாக்கணும்னு ஒப்பந்தத்துல எங்கேயும் எழுதல. ஆக, கேட்ட பொருள் இருக்கு. மாத்தல. திரும்பியிருக்கு, அவ்வளவுதான்."

மேயர் யோசித்தார். மெல்ல அவர் முகத்திலும் அந்த வெளிச்சம் பரவியது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேன்ல, வந்தது சரியான கண்ணாடிதான்னு? மாட்டினவன்தான் திருப்பி மாட்டிட்டான்."

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். ஏன் தட்டினார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். தொடர்ந்து இன்னும் சிலர் தட்டினார்கள். செர்வியோ ஏணிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் கையில் இன்னும் ஸ்பானர் இருந்ததைப் பார்த்து நான் கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டேன்.

"அப்போ அந்த வார்த்தை?" என்று கேட்டார்.

"எந்த வார்த்தை?"

"கோன்கவோ. தப்பா எழுதினது. அதைத் திருத்துவீங்களா?"

"தப்பே இல்லைங்கிறப்ப எதைத் திருத்துறது?" டாக்டர் ஹிமேனா அவரைச் சமாதானப்படுத்தும் குரலில் பேசினார். "நீங்க கேட்டது கெடச்சிடுச்சு தோன் செர்வியோ. ஊர்ச் சங்கத் தலைவரா நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடணும். கோன்கவோ கண்ணாடி நல்ல நிலையில், முழுத் திருப்தியோட பெற்றுக்கொண்டோம்னு. இல்லேன்னா கோப்பு மூடாது. கோப்பு மூடலேன்னா தணிக்கையில இதைக் கழட்டச் சொல்லிடுவாங்க."

ஜீப்பின் பானெட் மேல் காகிதத்தை வைத்தார்கள். செர்வியோ அதைப் படித்தார். கோன்கவோ என்ற இடத்தில் விரலை வைத்து, அது அழிந்துவிடும் என்பதுபோலத் தேய்த்தார். நிமிர்ந்து வளைவைப் பார்த்தார். கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது, கண்ணாடியில் நேராக, அதன் சரியான பக்கத்தில், கூரை மேல் வாழைத்தார்களோடு. எங்கள் ஓட்டுநர் ஒருவர் அதைப் பார்த்துத் தன் வண்டியை மேலேயே நிறுத்தி வழிவிட்டார்.

செர்வியோ கையெழுத்துப் போட்டார். அழுத்திய அழுத்தத்தில் பேனா முள் காகிதத்தைக் கிழித்தது. கிழிசல் பரவாயில்லை என்றார் டாக்டர் ஹிமேனா.

ஓமேரோவின் கால் கூடியது, ஆனால் குட்டையாகக் கூடியது. ஃப்ளோரால்பா வெகுநாள் புருஷனோடு சோறு போடுவதற்கு மட்டும்தான் பேசினார். செர்வியோ ஊர்ச் சங்கத் தலைவர் பதவியை விட்டார். அடுத்தவர் வந்த பிறகும் மக்கள் செர்வியோவிடம்தான் மனு எழுத வந்தார்கள், அவர் யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் நான் அவரோடு வண்டியில் வந்துகொண்டிருந்தேன். சாலையோரம் தோன் லெயோ சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தபடி நின்றிருந்தார். செர்வியோ தாண்டிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச தூரம் போகவும் போனார். பிறகு பிரேக்கை மிதித்து, பின்னோக்கி வந்து, கதவைத் திறந்தார். நான் நடுவில் நகர்ந்துகொண்டேன்.

வண்டி கொஞ்ச தூரம் ஓடிய பிறகு செர்வியோ கேட்டார்: "ஆசிரியரே, அன்னைக்கு ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

தோன் லெயோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வையின் ஈரமில்லாத முனையைத் தேடித் துடைத்தார்.

"அவங்க வார்த்தையப் பத்திக் கேட்டாங்க. நான் வார்த்தையப் பத்திச் சொன்னேன். கண்ணாடி தப்புன்னு எனக்குத் தெரியாதா? நானே அதுக்குப் பயந்து அந்தப் பக்கம் நடக்கிறதில்ல. யாராவது அதைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

செர்வியோ கியரை மாற்றினார். கியர் கரகரவென்று கத்தியது. தோன் லெயோ அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டார். கோன்வெக்சோவில் வருகிற வெக்சுஸ் என்ற பகுதிக்கு, சுமந்துவருவது என்ற சொல்லோடு உறவு இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள், ஆனால் அது உறுதியில்லை, அதைப் பற்றித் தான் அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டதாக ஆரம்பித்தார். மழை வண்டியின் முன்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. வைப்பர் ஒன்றுதான் வேலை செய்தது.

"ஆசிரியரே" என்றார் செர்வியோ, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி. "வளைவு வருது. கொஞ்சம் சும்மா இருங்க."